பட்டியலில் நீ அடித்த பெயர்

சாமி,

போன ஞாயிற்றுக்கிழமை சேலத்தில் முகூர்த்தப் பட்டு எடுத்துக்கொண்டு வந்த அலுப்பு தீருவதற்குள் நீ கூடத்தில் உட்கார்ந்து, உன் சிநேகிதிகளுக்குப் பத்திரிகை அனுப்பப் பட்டியல் எழுத ஆரம்பித்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகைகளின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவிக்கொண்டிருந்தேன். ஏழெட்டுப் பெயர் எழுதியபின் ‘சுகன்யா, வாழப்பாடி’ என்று எழுதினாய். கொஞ்ச நேரம் பேனாவை எடுக்காமலே இருந்தாய். பிறகு ஒரே கோடாக அதை அடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாய். “ஏஞ்சாமி, அவளுக்கு வேண்டாமா?” என்று கேட்டேன். கேட்க எனக்கு எப்படித்தான் வாய் வந்ததோ! “அவளே என்னைய வேண்டாம்னுட்டா, உடுங்கம்மா. கல்யாண நேரத்துல அதையெல்லாம் நெனச்சுக்கிட்டு” என்றாய். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாய். ஆனாலும் நான் பார்த்துவிட்டேன்.

அவள் உன்னை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளை வேண்டாம் என்று சொன்னது நான். உன் போனிலிருந்து, உன் பெயரில், நீ சொல்வது போலச் சொன்னேன். ஆறு வருடமாக இதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு ராத்திரி வேலைக்குத் திரும்பும் உன்னைச் சென்னை பஸ் ஏற்றிவிட வந்தபோது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ ஜன்னல் வழியாக, “பிரஷர் மாத்திரை போட்டீங்களா?” என்று கேட்டாய். போட்டேன் என்று தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதிப் பார்த்தேன். நாலு வரி தட்டுவேன், அழிப்பேன். முன்னமே ஒரு தடவை போனில் தட்டித்தான் பாவம் செய்தேன், இதையும் அதிலேயே தட்ட மனசு வரவில்லை. அதனால்தான் பேப்பர். கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கிறதே என்று சிரிக்காதே, முப்பது வருடம் கோழிப்பண்ணையில் இருந்தவள் கை வேறு எப்படி எழுதும்?

முதலிலிருந்தே சொல்கிறேன். நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவர்கள் செய்யும் தப்பையேதான் நாங்களும் செய்தோம். பத்தாம் வகுப்பில் நீ நல்ல மார்க் வாங்கியதும், வீட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத்தில் இருக்கிற பள்ளிக்கூடத்து ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டோம். முக்கால் மணி நேரம்! தினம் போய்வரக்கூடிய தூரம். ஆனால் வீட்டில் இருந்தால் டிவி பார்ப்பாய், முட்டை பொறுக்க வருவாய், பரமத்தி வேலூர் சித்தி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிவிடுவாய், படிப்பு கெட்டுவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். எங்கெங்கிருந்தோ வந்து இங்கே பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகிறார்கள், பக்கத்திலேயே இருக்கிற நாம் விடாவிட்டால் அக்கறை இல்லாதவர்கள் என்று ஆகிவிடும் என்று நானும் நினைத்தேன். மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்கலாம். வாரத்துக்கு ஒரு தடவை வார்டன் போனில் ஐந்து நிமிடம் பேசலாம். அந்த ஐந்து நிமிடத்தில் நான் உன்னிடம் முதலில் கேட்டது என்ன என்று உனக்கு நன்றாகவே தெரியும். “எத்தன வாங்குன?” வாங்கியதைச் சொல்வாய். “மத்ததெல்லாம் எங்க போச்சு?” என்பேன். அதற்குள் பின்னால் நிற்கும் பிள்ளை அவசரப்படுத்தும், நீ வைத்துவிடுவாய்.

பிற்பாடு போனே கதி என்று உன்னைக் குற்றம் சொன்ன நான் என்ன யோக்கியமா? நீ வாங்கிய மார்க்கையெல்லாம் ஸ்டேட்டஸில் போட்டேன். உன் பள்ளிக்கூடத்தார் உன் படத்தையும் மார்க்கையும் போட்டு ஃபிளெக்ஸ் கட்டியபோது, அதையும் போட்டோ எடுத்துப் போட்டேன். போட்டுவிட்டுச் சும்மா இருந்தேனா? யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று அரைமணிக்கொரு தடவை எடுத்து எடுத்துப் பார்த்தேன். உன் பெரியத்தை பார்த்துவிட்டு ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று நான் குமைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் மேல்தொட்டி நிரம்பி வழிந்து ஷெட்டுக்குள் இறங்கி, கோழி எச்சமெல்லாம் நனைந்து, நாலு நாள் நாற்றத்தில் ஊரே மூக்கைப் பிடித்தது. “தண்ணி போறது தெரியாம அதுல என்னத்தப் பாக்கற?” என்று அப்பா கத்தினார். அன்று என்னை யாராவது ‘இவளுக்குப் போன் பைத்தியம்’ என்று சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். அதே பழக்கம் இரண்டு வருடம் கழித்து உன்னிடம் வந்தபோது மட்டும் எனக்கு நியாயம் பேச வந்துவிட்டது.

அந்த ஹாஸ்டலில் உனக்குக் கிடைத்த ஒரே நல்ல விஷயம் சுகன்யா. பக்கத்துக் கட்டில். வாழப்பாடியில் பாக்குத் தோப்பு வைத்திருந்தவர் மகள். அவள் வீட்டில் எல்லா மாதமும் வர முடியாது. பார்க்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நீ அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து எங்களோடு உட்கார வைப்பாய். என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். நான் கொண்டுவந்த கோழிக்குழம்பில் நல்ல துண்டாகப் பார்த்து அவள் தட்டில் போடுவாய். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரியும், மறைப்பானேன். ஆனால் ரகசியமாகப் பெருமையாகவும் இருக்கும். இரண்டு வருடம் அடைத்துப் போட்டும் உன் கை தாராளம் குறையவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அப்போதே உன்னிடம் அதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கேட்டது இயற்பியலில் எத்தனை என்றுதான்.

பிறகு நீ கோயம்புத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் போனாய். அவள் சேலத்தில் கணக்குப் படிக்கப் போனாள். இரண்டு வருடம் போனையே தொடவிடாமல் வைத்திருந்த பிள்ளை கையில் ஒரே நாளில் போனை வாங்கிக் கொடுத்து, முன்பின் தெரியாத ஊரில் தனியாக விட்டுவிட்டு வந்தோம். இன்றைக்கு யோசித்தால் எங்களுக்கே சிரிப்பு வருகிறது. நீ வீடியோ போட ஆரம்பித்தாய். பள்ளிக்கூட வார்டன் மாதிரி, நாமக்கல் பஸ் கண்டக்டர் மாதிரி, போர் போடுகிற ரிக் வண்டி ஓட்டும் மாமா மாதிரி. எனக்கு இதெல்லாம் தெரியாது. உன் பரமத்தி வேலூர் சித்திதான் ஒருநாள் வந்து, “அக்கா, உங்க புள்ள பேமசாயிட்டா, பாக்கலியா?” என்று காட்டினாள். பார்த்தேன். என் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, தலையில் துண்டு சுற்றிக்கொண்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “எத்தன வாங்குன? மத்ததெல்லாம் எங்க போச்சு?” என்று நீ கேட்கிறாய். அச்சு அசல் நானேதான். கீழே ஊர் உலகமே சிரித்து வைத்திருந்தது. எல்லாருக்கும் முந்திச் சிரித்தவள் சுகன்யா. ‘அத்தையோட அடுத்த பாகம் எப்ப?’ என்று கேட்டிருந்தாள்.

அன்று எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. நீ என்னைக் கேலி செய்தாய் என்பதைவிட, நீ செய்தது நிஜம் என்பதுதான் சுட்டது. அந்த சமயம் பார்த்து உனக்கு இரண்டு பேப்பர் அரியர் வேறு விழுந்தது. லீவுக்கு வந்தவள் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலும் போனை வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் மூன்றாவது குரலுக்குத்தான் நிமிர்ந்தாய். பிடுங்கிப் பீரோவில் பூட்டினேன். நீ அழுதாய், கெஞ்சினாய், இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் அப்பாவோடு நீ பண்ணைக்குப் போயிருந்த நேரம் பீரோவைத் திறந்தேன். நீ போனில் விரலால் கோடு இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே, பூட்டு உடனே திறந்தது. சுகன்யாவுக்கு எழுதினேன். ‘உன்னாலதான் நான் கெட்டுப்போயிட்டேன். உன் சிநேகிதமே எனக்கு வேண்டாம். இனிமேல் மெசேஜ் பண்ணாதே, போன் பண்ணாதே.’ கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. ‘நிஜமாவா சொல்றே?’ ‘ஆமா’ என்று போட்டேன். அதற்கப்புறம், ‘சரி. உனக்கு நல்லதுன்னா நான் வரல’ என்று ஒரு வரி வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு, போனைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன். பெற்றவள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன், அதுதான் இன்றும் எனக்குத் தாங்கவில்லை.

லீவு முடிந்து போனைத் திருப்பிக் கொடுத்தபோது, நீ நிச்சயம் மாறியிருப்பாய் என்று எதிர்பார்த்தேன். நீ பஸ்ஸில் உட்கார்ந்ததும் முதலில் சுகன்யாவுக்குத்தான் போட்டிருப்பாய். போகவில்லை. வரமாட்டேன் என்ற சொல்லைக் காப்பாற்ற அவள் உன் நம்பரை பிளாக் செய்திருக்க வேண்டும். கூப்பிட்டிருப்பாய். எடுக்கவில்லை. அந்த வருடம் உன் போன் பழக்கம் குறையவா செய்தது? இரண்டு பங்காயிற்று. இருந்த ஒரே ஆளும் காரணம் சொல்லாமல் போய்விட்டபோது, பிள்ளை பின்னே முகம் தெரியாதவர்களிடம்தான் போவாள். உனக்குப் பசி என்று தெரியாமல் தட்டைப் பிடுங்கிவிட்டு, ஏன் கண்டதையும் தின்கிறாய் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

இனி உன்னைப் பற்றிச் சொல்கிறேன். அந்தக் குழியிலிருந்து உன்னை யாரும் தூக்கிவிடவில்லை. நீயேதான் ஏறி வந்தாய். கடைசி வருடப் பொங்கலுக்கு வந்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து, “படிங்கம்மா. கோவிச்சுக்காதீங்க” என்று கொடுத்தாய். போனை எடுக்க ஒவ்வொரு தடவை கை போகும்போதும், அதற்குச் சற்று முன் உனக்கு என்ன தோன்றியது என்று எழுதி வைத்திருந்தாய். ‘மெஸ்ஸில் தனியா உட்கார்ந்தேன். எடுத்தேன்.’ ‘கூடப் படிக்கிறவள் ஊட்டி போட்டோ போட்டாள், எனக்கு மட்டும் ஒன்றும் நடக்கவில்லை போல இருந்தது. எடுத்தேன்.’ ‘அம்மா கூப்பிட்டு ரிசல்ட் கேட்டாள். எடுத்தேன்.’ அம்மா என்ற அந்த வரி நோட்டில் எத்தனை இடத்தில் இருந்தது என்று நான் எண்ணவில்லை, எண்ணத் தைரியம் இல்லை. ஒரு பக்கத்தில், ‘சுகன்யா ஏன் இப்படிச் செய்தாள்? எடுத்தேன்’ என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் நோட்டை மூடிவிட்டு, அடுப்பில் பால் இருக்கிறது என்று பொய் சொல்லி எழுந்து போனேன். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

மறுநாள் நாம் இருவரும் அட்டையில் முட்டை அடுக்கிக்கொண்டிருந்தபோது நீ சொன்னதெல்லாம் எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. “பன்னெண்டாவது முடிஞ்சதும் மார்க்கு நின்னு போச்சுங்கம்மா. அதுவரைக்கும் நான் நல்ல புள்ளையா இல்லையான்னு சொல்றதுக்கு ஒரு நம்பர் இருந்துச்சு. காலேஜ்ல அது இல்ல. அப்பத்தான் லைக் வந்துச்சு. அதும் நம்பருதானே?” என்றாய். “பத்து வீடியோ தள்ளுனா ஒண்ணுதான் நல்லாருக்கும். அது எப்ப வரும்னு தெரியாது. அதுக்காகவே தள்ளிக்கிட்டு இருப்பேன். வெச்சுட்டா, நான் இல்லாதப்ப என்னமோ நடந்துரும், என்னைய எல்லாரும் மறந்துருவாங்கன்னு பயம்” என்றாய். நான் முட்டையை அடுக்கிக்கொண்டே இருந்தேன். படித்த டாக்டர் சொல்ல வேண்டியதை என் மகள் தீவன மூட்டைமேல் சாய்ந்துகொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள். “அப்ப அந்தப் போனத் தூக்கி எறிஞ்சுரு சாமி” என்றேன். “போனு ஒண்ணும் பண்ணலீங்கம்மா. எறிஞ்சா அந்த பயம் போயிருமா?” என்று கேட்டாய். 

நீ போனை எறியவும் இல்லை, அதற்கு அடிமையாகவும் இல்லை. என்ன செய்தாய் என்பதை உன் வாயால் நீ சொல்லவே இல்லை. பட்டமளிப்பு விழாவில்தான் எனக்குத் தெரிந்தது. மல்லசமுத்திரத்திலிருந்து வந்த ஒரு அம்மா என்னைத் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். அவர் மகள் உனக்கு மூன்று வருடம் இளையவள். “ஏனுங்க, உங்க பொண்ணுதான் எம்பொண்ணு பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுச்சுங்க. மொத வருசம் மெஸ்ல போனப் பாத்துக்கிட்டே ஒத்தையில உக்காந்திருக்குமாம். உங்க புள்ள தட்டத் தூக்கிட்டு வந்து, இன்னிக்கு என்ன கொழம்புன்னு தெரியலியே, நீ தின்னு பாத்து சொல்லுன்னு உக்காந்துருச்சாம். வருசம் முச்சூடும் அப்படித்தானுங்களாம். புத்திமதியே சொல்லலையாமா!” என்றார். உன் பட்டத்தைப் பார்த்தபோதுகூட எனக்கு அழுகை வரவில்லை. இதைக் கேட்டு அழுதேன். வெயில் கண்ணில் படுகிறது என்று அப்பாவிடம் சமாளித்தேன். தனியாக உட்கார்ந்திருக்கிறவளைப் பிடித்து இழுத்து வந்து பக்கத்தில் வைத்துக்கொள்ள உனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அது உன்னுடைய சுபாவம். நான் அதன்மேல் மண்ணள்ளிப் போட்டும் மூடிப்போகவில்லை.

இன்றைக்கும் நீ எப்போதாவது வீடியோ போடுகிறாய். போடும் முன், “உங்கள மாதிரி பண்றேன், போடலாமா?” என்று கேட்கிறாய். போன தீபாவளிக்கு, மாப்பிள்ளை பார்க்கிற அம்மாவாக என்னை நடித்துக் காட்டினாயே, வயிறு வலிக்கச் சிரித்தேன். எத்தனை பேர் பார்த்தார்கள் என்று நீயும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. என் வயதில் எனக்கு வராத நிதானம் உனக்கு இருபத்தைந்தில் வந்துவிட்டது. வேறு தாயாக இருந்தால் இப்படி ஒரு மகளைப் பெற்றதற்குத் தலை நிமிர்ந்து நடப்பாள். எனக்குத்தான் அந்தக் கொடுப்பினை பாதியாக இருக்கிறது, உன்னைப் பற்றி யார் புகழ்ந்தாலும் அந்த நாலு வரி மெசேஜ் வந்து நடுவில் நிற்கிறது.

செவ்வாய்க்கிழமை வாழப்பாடிக்குப் போனேன். அப்பாவிடம்கூட சொல்லவில்லை. தட்டில் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, குங்குமம் எல்லாம் முறையாக எடுத்துக்கொண்டு சேலத்தில் பஸ் மாறிப் போய், விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். சுகன்யா ஆத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் என்னைப் பார்த்தாள், உடனே தெரிந்துகொண்டாள். “வாங்கம்மா” என்றாள், பழைய மாதிரி அத்தை என்று கூப்பிடவில்லை. உட்காரச் சொன்னார்கள். நான் உட்காரும் முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

அவள் அம்மாதான் முதலில் பேசினார். “அந்த வருஷம் இவ ஒரு மாசம் யார்கிட்டயும் பேசலைங்க. என்னடீன்னு கேட்டா, என்னால அவ படிப்பு கெட்டுப்போச்சாம்மான்னு அழுவா” என்றார்.  நான் சுகன்யாவிடம் தட்டை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை. “அவளுக்கு இது தெரியுமா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப நான் வேணாம்னு சொன்னேன்னு நினைச்சுக்கிட்டுதான் இருக்காளா, இத்தனை வருஷமா?” என்றாள். ஆமாம் என்றேன். அப்போதுதான் அவள் கண் கலங்கியது, தனக்காக இல்லை, உனக்காக. “நீங்க குடுத்து நான் வாங்கிக்க மாட்டேம்மா. முதல்ல அவகிட்ட சொல்லுங்க. அவ கூப்பிடட்டும், வரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் எனக்குக் காபி போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை போடவில்லை. எனக்குச் சர்க்கரை ஆகாது என்று அப்போது நீ அவளிடம் சொன்னது, அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அந்தப் பத்திரிகையை இதோடு வைத்திருக்கிறேன். பெயர் எழுதவில்லை, எழுத எனக்கு உரிமை இல்லை. அவளுடைய இப்போதைய நம்பர் உறைக்குள் தனித் தாளில் இருக்கிறது. இதைப் படித்ததும் உனக்கு என்மேல் ஆத்திரம் வரும். வரட்டும். வந்து நேருக்கு நேர் கேள், ஊர் கேட்கக் கேள், நான் தலை குனிந்து நிற்கிறேன். மன்னித்துவிட்டேன் என்று சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதே. நீ சொல்லக்கூடியவள், அதனால்தான் சொல்கிறேன். எனக்குப் பதில் எழுத அவசரமில்லை. ஆனால் அவள் ஆறு வருடம் காத்திருந்துவிட்டாள், அவளை இன்னும் ஒரு நாள் காக்க வைக்காதே.

கல்யாணத்தன்று நீ என்னோடு பேசாமல் இருந்தால், நான் சாப்பாட்டுப் பந்தியைக் கவனித்துக்கொண்டு ஓரமாக இருப்பேன். உன் பக்கத்தில் அவள் நின்றால் போதும், சாமி.

அம்மா